அணை பலமா? எந்த அரசைக் கேட்பது?

முல்லைப் பெரியாறு அணை பலமாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கம்பத்தில் ஒரு பதில், கேரளத்து வண்டிப்பெரியாற்றில் ஒரு பதில். நடுவில் இருப்பது ஒரு மலைப்பாதையும் குமுளி செக்போஸ்ட்டும்தான். கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் பென்னிகுவிக் கட்டியது, இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்பார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். அன்றைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களில் பாதிப் பேரின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அவர் படம்தான் இருக்கும். மலையேறி இந்தப் பக்கம் வந்தால், 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் வைத்துக் கட்டியது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்பார்கள்.

நான் வண்டிப்பெரியாற்றுக்காரன். தாத்தா தேனிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். அணைக்கு ஒன்று ஆனால் முதலில் போகிற ஊர் எங்களுடையது. அணைத் தண்ணீர் நின்றால் காய்கிற வயல் என் அத்தை பிள்ளைகளுடையது. அணை நிற்குமா நிற்காதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அதைப் பற்றி ஃபோனில் என்ன எழுதலாம், எழுதினால் யார் வந்து கேட்பார்கள் என்பதுதான் என் கவலை.

டவுனில் எனக்கு ஒரு சின்ன மொபைல் கடை. ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், டிஸ்ப்ளே மாற்றுவது இதெல்லாம்தான் பிழைப்பு. மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். கொழுந்து பறித்துவிட்டு வருகிற அக்காமார் ஃபோனை நீட்டி, "தம்பி, இது நெசமான்னு பாரு" என்பார்கள். பெரும்பாலும் அது வேறு ஏதோ நாட்டு அணை உடைகிற வீடியோவாக இருக்கும். மேலே தமிழிலோ மலையாளத்திலோ 'முல்லைப் பெரியாறு, சற்று முன்' என்று ஒட்டியிருப்பார்கள். பொய் என்று சொல்லி அனுப்பிவிடுவேன், அது சுலபம். "தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, ராத்திரி ஷட்டர் தூக்கப் போறாங்களாம்" என்று ஒரு குரல் பதிவு வரும் பாருங்கள், அதற்குத்தான் என்னிடம் பதில் கிடையாது.

2021 அக்டோபரில் மழை வலுத்து நீர்மட்டம் ஏறியபோது, அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்ற ஹேஷ்டேக் கேரளம் முழுக்க ஓடியது. மலையாள நடிகர் ஒருவரும் எழுதினார். தேனியில் அவர் உருவப்படத்தைக் கொளுத்தினார்கள். முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் எழுந்து, அணைக்கு இப்போது ஆபத்து ஒன்றும் இல்லை, சமூக ஊடகத்தில் பீதி கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை பாயும் என்றார். சரி, நல்லதுதான். ஆனால் அதே நாட்களில் உச்ச நீதிமன்றத்தில் அவருடைய அரசின் வக்கீல்கள், அணை பழசாகிவிட்டது, 139 அடிக்கு மேல் தேக்கவிடக் கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் சொன்னால் மனு, வண்டிப்பெரியாற்றில் சொன்னால் பீதி.

எங்கள் ஊர்க் குழு ஒன்றுக்கு நான் அட்மின்களில் ஒருவன். லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) ஆட்கள், ஜீப் டிரைவர்கள், கடைக்காரர்கள், ஆற்றோரத்தில் குடியிருக்கிற மலையாளிக் குடும்பங்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. அந்த மழையில் ஒரு ஜீப் டிரைவர் பையன் ஒரு போட்டோவை அனுப்பினான். ஈரம் படிந்த கல்சுவர், கீழே 'கசிவு கூடிக்கிட்டே போகுது, உஷார்' என்று ஒரு வரி. மறுநாள் அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கூடவே என்னையும்.

"நீயாணோ அட்மின்?"

"ஆமா சார்."

"இது எங்கிருந்து வந்தது?"

"இன்னொரு குரூப்ல வந்துச்சு சார்," என்றான் பையன்.

அந்த போலீஸ்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கும் சேர்த்து டீ சொன்னார். பையனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஃபோனை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். வாடகைக்கு ஓடுகிறவனுக்கு ஃபோன் இல்லையென்றால் சவாரி இல்லை, இது அவருக்கும் தெரியும். வெளியே வரும்போது, "எந்த செக்ஷன் சார்?" என்று கேட்டேன். "செக்ஷன் எல்லாம் உண்டு," என்று சிரித்தார்.

உண்மைதான், செக்ஷனுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒன்று இருந்தது. இணையத்தில் எழுதியது யாருக்காவது எரிச்சலையோ அசௌகரியத்தையோ தந்தால் மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். 2012-ல் பால் தாக்கரே இறந்தபோது மும்பை எதற்குக் கடையடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவள் தோழியையும் கைது செய்தது இந்தப் பிரிவைக் காட்டித்தான். 2015 மார்ச் 24-ஆம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் இதைத் தூக்கி எறிந்தார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் செத்தது என்பதை எங்கள் பக்கத்திலேயே பலர் மறந்துவிட்டார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே சரக்குதான், பிறருக்குத் தொல்லை தரும்படி பேசுவதும் செய்தி அனுப்புவதும் குற்றம்.

மறந்தது ஜனங்கள் மட்டுமில்லை. 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று புதிதாக ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. இழிவுபடுத்தும்படியோ மிரட்டும்படியோ எந்த ஊடகத்தில் எதை வெளியிட்டாலும் மூன்று வருஷம் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெண்களை இணையத்தில் கேவலமாகப் பேசுகிறவர்களை அடக்கத்தான் இது என்றார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சட்டத்தின் வாசகத்தில் பெண்ணும் இல்லை, இணையமும் இல்லை. பத்திரிகைக்காரனிலிருந்து டீக்கடையில் போஸ்டர் ஒட்டுகிறவன் வரை யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். கவர்னர் கையெழுத்துப் போட்டு இரண்டே நாளில், கூட்டணிக்குள்ளேயே முணுமுணுப்புக் கிளம்பி, இதை அமல்படுத்த மாட்டோம் என்று முதல்வரே அறிவித்தார். பிறகு அந்த அவசரச் சட்டத்தை நீக்க இன்னொரு அவசரச் சட்டம். பேச்சு சுதந்திரத்தைப் பற்றி டெல்லிக்குப் பாடம் எடுக்கிற கட்சிதான் இதைச் செய்தது என்பதை எங்கள் ஊர்த் தோழர்களிடம் இன்றும் சொல்லிக் காட்டுவேன், தலையைச் சொறிவார்கள்.

66ஏ செத்த பிறகும் பல மாநிலங்களில் அதன் பேரில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-ல் இது உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியவந்தபோது நீதிபதிகளே அதிர்ந்து போனார்கள். இந்த வழக்குகளையெல்லாம் கைவிடச் சொல்லி 2022 அக்டோபரில் மறுபடி ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்த சட்டத்தைப் புதைக்கவே ஏழு வருஷம்.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு நேராகப் பொருந்துவது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவு. பேரிடர் பற்றியோ அதன் கடுமை பற்றியோ பொய்யான எச்சரிக்கை பரப்பி, அதனால் பீதி உண்டானால் ஒரு வருஷம் வரை தண்டனை. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொய் என்று யார் சொல்வது என்ற இடத்தில்தான் வண்டி நிற்கிறது.

முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அணை பத்திரமாக இருக்கிறது என்றது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை தேக்கலாம் என்றது. தமிழ்நாடு அரசுக்கு அதுதான் உண்மை. கேரள அரசுக்கு அன்றும் இன்றும் புது அணைதான் தீர்வு. ஆக, 'அணைக்கு ஆபத்து' என்று நான் எழுதினால் மலைக்குக் கீழே தமிழ்நாட்டு லோயர் கேம்ப்பில் அது பொய். 'அணை இரும்பு மாதிரி இருக்கு' என்று எழுதினால், புது அணை கேட்கிற என் மாநில அரசின் வாதத்துக்கே அது விரோதம். செக்போஸ்ட்டில் சந்தன மரமும் ஸ்பிரிட்டும் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி உண்மையையும் நிறுத்திச் சோதிக்க முடியுமா என்ன?

இரண்டு மாநிலமும் இதற்கென்றே ஆபீஸ் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் வந்தது. கேரளத்தில் மக்கள் தொடர்புத் துறைக்குள் ஒரு பிரிவு உண்டு. அரசு தன் பக்கத்து விளக்கத்தை வெளியிடுவதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஃபோனை நீட்டுகிற அக்காவுக்குக் காட்ட எனக்கும் ஏதாவது வேண்டுமே. பொய் என்று முத்திரை குத்திவிட்டால் பதிவே போய்விட வேண்டும் என்கிறபோதுதான் சிக்கல். மத்திய அரசு 2023 ஏப்ரலில் அதைத்தான் செய்யப் பார்த்தது. மத்திய அரசின் அலுவல் பற்றிய எந்தச் செய்தி பொய், எது திரித்தது என்று மத்திய அரசின் பிரிவே குறித்துக் கொடுக்கும். குறித்ததை எடுக்காத சமூக ஊடக நிறுவனம், பிறர் போட்ட பதிவுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை இழக்கும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா வழக்குப் போட்டார். இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி சந்துர்க்கர் 2024 செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்றார். அந்த விதி இருந்து, அதே அதிகாரத்தை மாநிலங்களும் கேட்டு வாங்கியிருந்தால் குமுளியில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பதிவு அழியும், இந்தப் பக்கம் அதன் மறுப்பு அழியும்.

வதந்தி பயப்படும்படியானது இல்லை என்று நான் சொல்லவில்லை. அணைச் சண்டை எல்லையில் கலவரமான 2011 டிசம்பரை இங்கே இருந்து பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. அப்போது எங்கள் கைகளில் வாட்ஸப் கிடையாது. எஸ்எம்எஸ், ஃபோன் பேச்சு, நேரில் ஓடி வந்து சொன்னவர்கள், இவ்வளவுதான். தோட்டத்தில் தமிழ்ப் பெண்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு, ஆயிரக்கணக்கில் ஆட்கள் மலையேறி வருகிறார்கள் என்று இங்கே ஒரு பேச்சு. இரண்டிலும் கொஞ்சம் நிஜம் இருந்தது, அதுதான் இன்னும் மோசம். குமுளியில் தடையுத்தரவு, பாதை அடைப்பு. காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிற பெண்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 2023 மார்ச்சில் இது தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் பலர் ரயில் ஏறினார்கள். வேண்டுமென்றே, பொய் என்று தெரிந்தே அப்படிச் செய்கிறவனைப் பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? அதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது.

எங்கள் டிரைவர் பையன் அந்த ரகம் இல்லை. அவன் வீடு ஆற்றோரத்தில். கசிவு எல்லா அணையிலும் உண்டு, அளவோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பயந்தான், அனுப்பினான்.

அவன் அனுப்பிய அதே 2021-ல், டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அணையை இயக்குகிற தமிழ்நாடு இரவில் ஷட்டர்களைத் திறந்தது, ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு என்று வரிசையாக. முன்னறிவிப்பு இல்லை என்று கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முறையாகச் சொல்லிவிட்டுத்தான் திறந்தோம் என்றது தமிழ்நாடு. ஒரு கலெக்டர் ஆபீஸிலிருந்து இன்னொரு கலெக்டர் ஆபீஸுக்குப் போன தகவல் எத்தனை மணிக்குப் போனது என்பது வக்கீல்கள் பாடு. ராத்திரி எங்கள் குழுவில் வந்தது மேல்கரையில் இருக்கிற ஒருவரின் குரல் பதிவு: "ஆத்துல சத்தம் மாறிருச்சு, கீழ இருக்கறவங்க எந்திரிங்க." அவர் எந்த அதிகாரியும் இல்லை. ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது, எத்தனை கன அடி வருகிறது, அவருக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைகளையும் ரேஷன் அரிசியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஏறினார்கள்.

அன்றைக்குத் தண்ணீர் வராமல் போயிருந்தால் அதே பதிவு 54-வது பிரிவுக்குள் வந்திருக்கும். அப்படி வழக்கு வந்திருந்தால் அடுத்த முறை அவர் வாயைத் திறப்பாரா? ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்றுச் சத்தத்தைக் கேட்டவன் ஃபோனை எடுக்கிற முன் வக்கீலைக் கேட்க முடியாது.

சொல்ல ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இடுக்கிக்காரர்கள் பார்த்திருக்கிறோம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, ராஜமலை பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. எழுபது உயிர். பெரும்பாலும் நம் ஆட்கள், கயத்தாறு பக்கத்து வேர் உள்ளவர்கள். மழையில் கரண்ட் போய், டவர் செத்து, ஃபோன் எதுவும் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலையில்தான். அங்கே யாரும் இணையத்தைத் தடை செய்யவில்லை, தானாக இல்லாமல் போனது. ஆனால் பதற்றம் வந்தால் நெட்டை நிறுத்து என்று உத்தரவு போடுகிறவர்கள் பெட்டிமுடி மாதிரி ஒரு ராத்திரியைத் தங்கள் கையாலேயே உண்டாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் அதுவும் நடந்திருக்கிறது. 2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் இணையம் நிறுத்தம், ஐந்து நாளைக்கு என்று உத்தரவு. என் மனைவியின் சித்தப்பா களியக்காவிளைக்காரர். பாறசாலைப் பக்கம் போய் நின்றால் கேரள டவர் கிடைக்கும் என்று அங்கே போய்த்தான் துபாயிலிருந்த மகனிடம் பேசினாராம். "சுட்டது தூத்துக்குடியில, எனக்கு எதுக்குடா நெட்டை நிறுத்தணும்?" என்று இப்போதும் கேட்பார். காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையம் கல்வி உரிமைக்கும் அந்தரங்க உரிமைக்கும் உட்பட்டது என்று 2019-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடுதியில் மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஃபோன் கூடாது என்ற விதியை எதிர்த்த பெண் அவர்.

எல்லைக்கோட்டில் இருப்பதில் இந்த ஒரு வசதி, ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்திருக்கும். டெல்லி உத்தரவு போட்டால் அந்த வசதியும் இல்லை. 2025 பிப்ரவரியில் மோடி கை கால்களில் விலங்கோடு ட்ரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கார்ட்டூனுக்காக விகடன் தளம் முடங்கியபோது, கடையில் இருந்த எல்லா சிம்மையும் போட்டுப் பார்த்தேன், கேரள சிம், தமிழ்நாட்டு சிம் எதிலும் திறக்கவில்லை. ஏன் என்ற உத்தரவு அப்போது வாசகன் கைக்கு வராது, தளங்களை முடக்க அதிகாரம் தருகிற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் விதிகளிலேயே ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு கார்ட்டூனை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியரைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியதை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அனுப்பியவர்கள் பகிரங்கமாக அனுப்பினார்கள், குறைந்தபட்சம் யாரைத் திட்டுவது என்று தெரிந்தது.

விஞ்ஞானிகளுக்குக்கூட இந்த வாய்ப்பூட்டு வரும். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அறிவியல் நிறுவனங்களில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பத்திரிகைகளிடம் கருத்துச் சொல்லக் கூடாது என்று கேரள அரசின் பேரிடர்த் துறை ஓர் உத்தரவு போட்டது. எதிர்ப்பு வரவே முதல்வர் தலையிட்டு அதைத் திரும்பப் பெற வைத்தார். சரியான தகவலைச் சொல்லக் கூடியவர்களையும் பேசவிடாமல் செய்துவிட்டு, ஜனங்கள் தப்பாகப் பேசுகிறார்கள் என்றால் எப்படி?

கடந்த மழைக்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து அட்மின்களைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார்கள். மழை முடிகிற வரை குழுவை 'அட்மின் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள், தொல்லை இல்லை. உத்தரவு இல்லை, யோசனைதான். பாதி அட்மின்களுக்கு அது பிடித்துப்போனது, பொறுப்புக் குறையுமே. குழுவில் கேட்டோம். ஆற்றோரத்து மலையாளிச் சேட்டன் ஒருவர், எப்போதும் அணையை இடிக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கட்டுகிறவர், தன் தமிழில் ஒரு வரி போட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அட்மின் உறங்கிப்போனா வெள்ளம் வந்தத யாரு எழுதும்?"

குழு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் பற்றி எழுதினால் எங்கே, எத்தனை மணிக்கு, நேரில் பார்த்ததா கேட்டதா என்று சேர்த்து எழுத வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பாதிப் பேர் எழுதுகிறார்கள், மீதிப் பேரை நச்சரிக்கிறோம். குட் மார்னிங் படங்களுக்கு மட்டும் முழுத் தடை.